போர் ஓய்ந்த மண்ணில் கோப்பி மணம்

வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் புவோன் மா தூட் என்றொரு நகரம் உண்டு. கோப்பியின் தலைநகர் என்று அந்நாட்டவர் இதனை அழைக்கின்றனர். 1975 மார்ச்சில் கடும் சண்டை நடந்த நகரமும் இதுவே. அடுத்த மாதம் 30ஆம் திகதி வியட்நாம் போர் முடிவுக்கு வந்தது. பெண்களின் வாழ்வாதாரம் தொடர்பான பயிற்சியொன்றிற்காக அந்நாட்டுக்குச் சென்ற வேளையில் இந்நகரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அது அறுவடைக் காலம். நாம் நெல் காயவிடுவது போல வீட்டு முற்றங்களில் கோப்பிப் பழங்களைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் அவற்றை விறாண்டியால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கு வாழும் எடே இனத்தவர் தாய்வழிச் சமூகத்தினர். வீடும் சொத்தும் பெண்மக்களுக்கே சேரும். திருமணமானதும் ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறான். எமது மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறை என் நினைவுக்கு வந்தது.

கோப்பி இங்கு 1857இல் பிரான்ஸ் நாட்டுக் குருமாருடன் வந்த பயிர். ஆனால் அது பெருகியது போருக்குப் பின்னர்தான். 1986இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களின் பின் குடும்பங்கள் தாமே காணியில் பயிரிட்டு விற்கத் தொடங்கின. இன்று கோப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. றொபஸ்டா என்னும் கசப்புக் கூடிய வகையில் முதலிடமும் அதற்கே.

அவர்கள் கோப்பி குடிக்கும் முறையும் தனியானது. துளையிட்ட சிறிய உலோகக் கிண்ணத்தைக் குவளையின் மேல் வைத்து, தூளிட்டுச் சுடுநீர் ஊற்றுகிறார்கள். அடியில் ரின்பால். கோப்பி துளித்துளியாக இறங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பசும்பால் அரிதாக இருந்ததால் வந்த பழக்கம் இது. 1946இல் ஹனோயில் பால் தட்டுப்பாடு வந்தபோது முட்டை மஞ்சட்கருவை அடித்துக் கோப்பியில் சேர்த்தார் ஒருவர். தட்டுப்பாட்டில் பிறந்த இவ்விரண்டையும் இன்று வெளிநாட்டவர் விரும்பிக் கேட்டுக் குடிக்கிறார்கள்.

நெடுங்காலம் வியட்நாம் கோப்பி, பிற நாட்டு நிறுவனங்களின் உடனடிக் கோப்பியில் பெயரின்றிக் கலந்தே விற்கப்பட்டது. 2018இல் அமெரிக்காவில், அகதிகளாகச் சென்ற பெற்றோரின் மகளான சாரா நுயென், வியட்நாமின் பெயரைச் சொல்லியே அக்கோப்பியை விற்கத் தொடங்கினார். 2024இல் கோப்பி ஏற்றுமதியால் வியட்நாம் பெற்ற வருமானம் 500 கோடி டொலரைத் தாண்டியது.

ஆனாலும் எல்லாம் இனிப்பல்ல. 2001ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் விலை விழுந்தபோது பலர் கடனாளியாகி, மரங்களை வெட்டினார்கள். தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. வரட்சிக் காலத்தில் நீர் இறைத்து இறைத்து நிலத்தடி நீரும் குறைந்துவிட்டது. “விலை ஏறும்போது எல்லோரும் எங்களைத் தேடி வருவார்கள். இறங்கினால் நாங்களும் கடனும்தான் மிச்சம்” என்றார் ஒரு தாய். இப்போது அவர் கோப்பிக்கிடையே மிளகும் டூரியனும் நட்டிருக்கிறார். கொஞ்சக் கோப்பியைத் தானே வறுத்து இடித்துப் பொதி செய்தும் விற்கிறார். கொட்டையாக விற்பதைவிடத் தூளாக விற்றால் கையில் கூடுதலாக நிற்கிறதாம்.

சகோதரிகளே, எம்மிடம் கோப்பித் தோட்டம் இல்லாதிருக்கலாம். மிளகாயோ பனங்கட்டியோ எதுவாயினும், ஒன்றையே நம்பி இராமலும், வியாபாரியிடம் அப்படியே கொடுத்துவிடாமலும், எம் ஊரின் பெயரிட்டு விற்க முடியுமா என்று கூடியிருந்து யோசிப்போம்.