இரு பக்கமும் தம்பூரா

காரைக்குடியில் திருப்பத்தூர் பஸ் ஏறினால் மானகிரி சீக்கிரமே வந்துவிடும். செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் இங்கே இறங்குவது குறைவு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று அவர்கள் போகும் இடங்கள் வேறு. நண்பனுடைய பெரியம்மா வீட்டில் வெள்ளையடிப்பு நடந்தது. சாமான் இறக்கிவைக்கக் கை வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போயிருந்தான்.

இரண்டாங்கட்டு அறையிலிருந்து வளவுக்கு வந்த தகரப் பெட்டி ஒன்றில் முழுக்க கேசட். சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள், ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய இளையராஜா. அடியில் அட்டை இல்லாத ஒரு தொண்ணூறு நிமிட கேசட். நீல பால்பாயிண்டில் எழுதியிருந்தது: ‘தம்பூரா. 5 கட்டை. இரு பக்கமும்.’

“அது பாட்டு இல்ல தம்பி, சுருதி” என்றார் ஆச்சி, நண்பனின் பெரியம்மா. “மக பாட்டுப் படிச்சப்ப வாத்தியாரம்மா பிடிச்சுக் குடுத்தது. தினம் தம்பூரா மீட்ட யாரு இருக்கா?”

பெங்களூரின் ராஜ் நாராயண் 1979-லேயே எலக்ட்ரானிக் தம்பூரா செய்துவிட்டார். இந்த வீட்டுக்கு அது வரவில்லை, கேசட்தான் வந்தது.

பழைய டூ-இன்-ஒன் ஒன்றும் அதே பெட்டியில் இருந்தது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு தந்திகள் ஒவ்வொன்றாக: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம், மறுபடி பஞ்சமம். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூல் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், கார்வை நன்றாக விரிந்தது. பெயின்டர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பாதிக்கு மேல் போனபோது மீட்டல் மெல்லத் தளர்ந்தது, விரல் வலித்திருக்கும். ஒரு தந்தி தப்பியது, யாரோ இருமினார்கள், மீட்டல் பழைய நடைக்குத் திரும்பியது. தூரத்தில் ஒரு காகம்.

ஆச்சி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “இன்னும் சித்த மேல இருக்கும், இது இறங்கிக் கெடக்கு” என்றார். உண்மைதான். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடவேண்டும். உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்தாலோ பேட்டரி இறங்கினாலோ வேகம் குறையும், ஐந்து கட்டை நாலரைக்குச் சரியும். சுருதி பிசகாமல் இருக்கவென்றே பதிந்த ஒலி, பேட்டரி நிலவரப்படி தினம் ஒரு சுருதியில் நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கித்தான் வர்ணம் பாடியிருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தள்ளாட்டத்துக்கும் இரைச்சலுக்கும் ஆசைப்பட்டே கேசட்டைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ‘ட்ரோன்’ என்று ஒரு சோதனை இசை. ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து அதற்குள் நடப்பதைக் கேட்பது. ஐம்பது, நூறு பிரதி என்று இன்றும் கேசட்டில் வெளியிடுகிறார்கள். இந்த இசையின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கரான லா மான்டே யங். அவரும் மனைவி மரியன் ஸஸீலாவும் கிரானா கரானா என்ற ஹிந்துஸ்தானி மரபின் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் 1970 முதல் சிட்சை பெற்றவர்கள். இருவரும் 1982-ல் குருவின் தம்பூராக்களை மீட்டிப் பதிந்தது 1999-ல் குறுந்தகடாக வந்தது. அதில் பாட்டு கிடையாது, முழுக்கத் தம்பூரா. மானகிரிப் பெட்டியில் இருந்ததும் அதே சங்கதிதான்.

உடனே ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டத் தோன்றும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நம்மிடம் இருந்தது, நாம் கேட்கவில்லை. கச்சேரியில் தம்பூராக் கலைஞர் வித்வானுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். விமரிசனத்தில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? நாகஸ்வர மேளத்தில் ஒத்து ஊதியவர்கள் மூச்சை உள்வாங்கும்போதும் ஒலி அறாமல் மணிக்கணக்கில் ஒரே சுரத்தைத் தாங்கியவர்கள். அந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது. ஒத்துக்காரர் பெரும்பாலும் மேடையை விட்டே போனார், யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்கத் தம்பதி புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பாடகரை நகர்த்திவிட்டு, மிச்சமிருப்பதைக் கேள் என்று நம்மை உட்காரவைத்தார்கள். அந்த மரியாதை பெரிது.

வாத்தியாரம்மாவின் பெயரைக் கேட்டேன். ஆச்சி வெகுநேரம் யோசித்தார். “தேவகோட்டைப் பக்கத்து அம்மா. பேரு வாயில வரலையே” என்றார். மகளுக்கு போன் போட்டோம். அவருக்கும் ‘டீச்சர்’ என்றுதான் நினைவு.

பெயர் பிழைத்த நாடாக்களும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசரை நிறுவிக்கொடுக்க, கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் மின்னணு இசை செய்து நாடாக்களில் பதிந்தார்கள். அவை வெகுகாலம் காப்பகத்தில் கிடந்து, பால் பர்காஸ் என்ற கலைஞரின் முயற்சியால் 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. இவர்கள் பெயர்கள் தொலைந்துபோகவில்லை, யார் செய்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது.

உங்கள் பரணிலும் அட்டை இல்லாத கேசட் இருக்கலாம். எடைக்குப் போடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். வாசித்தது யார் என்பதை, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, கேசட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.