நூறாண்டு வெள்ளமும் ஒரு துணைத்தேற்றமும்

குன்றத்தூர் என்றதும் இலக்கிய வாசகர்களுக்குச் சேக்கிழார் நினைவுக்கு வருவார். இங்கே வாழும் எங்களுக்கோ செம்பரம்பாக்கம் ஏரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நிகழ்தகவை அளவைக் கோட்பாட்டின் வழியே முறையாகக் கற்க முனைந்த நாங்கள் மூவரும், முதுகலை வகுப்பில் படித்த ஒரு துணைத்தேற்றத்தை அந்த ஏரியின் துணையோடுதான் உள்வாங்கிக்கொண்டோம்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பின், எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அடையாற்றை ஒட்டி மனை பார்த்திருந்தார். "தம்பி, இது நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற வெள்ளமாம். வந்துட்டுப் போயிடுச்சு. இனி பேரன் காலத்துலதான்" என்றார்.

அச்சொல்லின் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே பொருள். ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது பள்ளிக் கணக்கு. பொரேல்-கான்டெல்லி துணைத்தேற்றம் மேலும் சொல்கிறது: சார்பிலா நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் முடிவிலி வருமாயின், அவற்றுள் முடிவிலா எண்ணிக்கையிலானவை நிகழ்வதன் நிகழ்தகவு 1.

'சார்பிலா' என்ற சொல்லில்தான் நாங்கள் பல வாரங்கள் நின்றோம். வகுப்பில் பெருக்கிவிட்டுக் கடந்துவிடுகிற இடம் அது. தொடக்கத்தில் ஒரே ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒரு வாய்ப்புள்ள சீட்டு விழுந்தால் ஆண்டுதோறும் வெள்ளம். இல்லையேல் ஒருபோதும் இல்லை. இங்கும் ஒவ்வோர் ஆண்டின் நிகழ்தகவு நூற்றில் ஒன்றே, கூட்டுத்தொகையும் முடிவிலியே. ஆயினும் வெள்ளம் மீண்டும் மீண்டும் வருவதன் நிகழ்தகவு 1 அன்று, 0.01 மட்டுமே.

மழையும் அப்படித்தான். 2015 நவம்பர் மழையிலேயே ஏரி நிரம்பலாயிற்று. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1 மழைக்கு அதில் இடம் எங்கே இருந்தது? நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. நவம்பரையும் டிசம்பரையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பாவித்துப் பெருக்குகிறவர் கையில் மிகச் சிறிய, மிகப் பொய்யான எண் ஒன்று கிடைக்கும்.

சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் 1959இல் பட்டம் பெற்று, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், 2007இல் ஏபெல் பரிசு பெற்றதில் பெரும்பங்கு பெருவிலகல் கோட்பாட்டுக்கு உண்டு. அரிய நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு எத்தனை விரைவாகச் சுருங்குகிறது என்பதை அளக்கும் கலை அது. (தமிழ்ச் சூழலில் அப்பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.) அக்கோட்பாட்டின் வாசலில்தான் நாங்கள் இப்போது நிற்கிறோம்.

பெரியவரிடம் 26 என்ற எண்ணைச் சொன்னோம். அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருப்பதையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்ப கூடவும் வரலாமா?" என்று கேட்டார். வரலாம் என்றோம். மனையை அவர் வாங்கத்தான் செய்தார். அடித்தளத்தை மட்டும் நான்கடி உயர்த்திக் கட்டினார்.