கம்பின் நீளம்



சுங்கை வே வட்டாரத்தில் சிலம்பம் பயிலும் பிள்ளைகள் சிலர் என்னிடம் படிக்கின்றனர். அவர்களுள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எனக்குச் சிலம்பம் வராது, டீச்சர்" என்று கூறிப் பயிற்சியிலிருந்து விலக எண்ணினாள். அவள் கையில் இருந்ததோ அண்ணனின் கம்பு. அவள் தலைக்கு மேல் ஒரு சாண் நீண்டிருந்தது.

நிமிர்ந்து நின்றால் கம்பு நெற்றியைத் தொட வேண்டும் என்பது ஆசான்கள் வழிவழியாகச் சொல்லும் அளவு. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 5½ அடி. நீளம் மிகுந்தால் கம்பு கனக்கும், கீழ்வீச்சில் நுனி தரையில் இடிக்கும், மணிக்கட்டு நோகும். குறைந்தாலோ எதிராளியைத் தள்ளி நிறுத்த இயலாது. பனிநாடுகளில் சறுக்குப் பலகையைக்கூட முகவாய்க்கும் உச்சந்தலைக்கும் இடையே அளந்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றனர்.

"வளரும் பிள்ளைதானே" என்று சீருடையைச் சற்றுப் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சட்டையை மடித்துத் தைக்கலாம். கம்பை அவ்வாறு செய்ய முடியாது. அண்ணனுக்கும் அது தேவை என்பதால் அறுக்கவும் வழியில்லை.

மாணவியின் தாயாரிடம் பேசினேன். பயிற்றுநர் வேறொரு பிரம்பை அவள் நெற்றியளவுக்கு அறுத்துக் கொடுத்தார். இன்னும் சில அடிமுறைகளில் தடுமாறுகிறாள். ஆயினும், வாரந்தோறும் பயிற்சிக்கு வருகிறாள்.

பெற்றோர்களே, ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையைக் காலணியின்றி நிற்க வைத்துக் கம்பை அளந்து பாருங்கள். புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களே, "வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் கையில் இருப்பது யாருடைய கம்பு என்று முதலில் கேளுங்கள்.