காற்றுக்குக் காவல்

சென்னை மாநகரின் தென்பகுதியாகிய தரமணியில், கோடை நாளில் நண்பகல் கழிந்ததும் கீழ்த்திசையினின்று கடற்காற்று எழும். வெயிலில் வாடிய மாந்தர் அதன் வரவால் முகம் மலர்வர். அக்காற்று வங்கக் கடலிலிருந்து வருகிறது என்பதை யாவரும் அறிவர். ஆயின், அது இவ்வுலகை விட்டே அகன்றுவிடாமல் தங்கியிருப்பது எதனால் என்று எண்ணுவோர் சிலரே. குடத்து நீருக்குக் குடம் காவல். குளத்து நீருக்குக் கரை காவல். காற்றுக்கோ மேலே மூடியும் இல்லை; சுற்றிலும் சுவரும் இல்லை. உயரச் செல்லச் செல்ல அது மெலிந்து, ஈற்றில் வெறுவெளியோடு கலக்கிறது. காற்று இயங்காத வானம் ஒன்று உண்டு என்னும் எண்ணம் புறநானூற்றுப் புலவர்க்கும் இருந்தது. அவ்வெறுவெளிக்குள் காற்று முழுதும் ஓடிவிடாதவாறு தடுப்பது யாது?

நிலவுலகின் ஈர்ப்பாற்றலே அது. கிளையினின்று உதிர்ந்த மாங்கனியை மண்ணுக்கு இழுக்கும் அதே ஆற்றல், காற்றின் ஒவ்வொரு மூலக்கூற்றையும் இழுக்கிறது. இதற்குக் காந்தத்தை உவமை கூறுவாரும் உளர், அது பொருந்தாது. காந்தம் இரும்பு முதலிய சிலவற்றையே பற்றும். ஈர்ப்போ எப்பொருளையும் விலக்குவதில்லை. கடல் மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பின்மேல் நிற்கும் காற்றின் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம் ஆகும்.

எனினும், மூலக்கூறுகள் அடங்கிக் கிடப்பன அல்ல. வெப்பம் அவற்றை ஓயாது ஓட்டுகிறது. சென்னையின் வெப்ப நிலையில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நிலவுலகின் பிடியினின்று நீங்குதற்கு நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கல்லாயினும் மூலக்கூறாயினும் அளவு அதுவே. இதனை விடுபடு வேகம் என்பர். ஒரே வெப்பத்தில் எடை மிகுந்தவை மெல்லவும் எடை குறைந்தவை விரைந்தும் ஓடுவன ஆதலின், ஹைட்ரஜன் நைட்ரஜனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவுடையது. அதன் அணுக்கள் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஞாயிற்றின் கதிர்களால் பெரிதும் சூடேறிய மென்காற்றில் உலவும்போது, சில மட்டும் மற்றவற்றை முந்தி அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றன. அங்கே அவற்றை மோதித் தடுப்பதற்கு வேறு மூலக்கூறுகள் மிகுதியாக இல்லை. இவ்வாறு நொடிதோறும் ஏறத்தாழ 3 கிலோகிராம் ஹைட்ரஜன் நிலவுலகை நீங்குகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் எடை மிகுந்தவை ஆதலால் தங்கிவிட்டன.

விண்மீன் கூட்டங்களிலும் இத்தகைய நழுவல் உண்டு. ஒன்றையொன்று ஈர்த்து நிற்கும் விண்மீன்களுள், வேகம் மிகுந்த சில கூட்டத்தை விட்டு ஓடிவிடும். அவ்வாறு ஓடும் வீதத்தை 1943-இல் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். தரமணியில் இன்று விளங்கும் கணித அறிவியல் நிறுவனத்தை, 1962-ஆம் ஆண்டு சனவரி 3 அன்று அக்கல்லூரி வளாகத்தில் தொடங்கி வைத்தவரும் அவரே.

காவல் தளர்ந்தால் நேர்வது யாது என்பதைத் திங்கள் காட்டும். அங்கு விடுபடு வேகம் நொடிக்கு 2.4 கிலோமீட்டரே, பகல் வெப்பமோ நீரின் கொதிநிலையைக் கடக்கும். ஆதலின், சுவாசிக்கத்தக்க காற்று அங்கில்லை. ஆயினும் அது முற்றும் வெறுமையன்று. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, சந்திரயானிலிருந்து பிரிந்த கருவி ஒன்று, திங்களின்மேல் விழும் வழியிலேயே அங்குள்ள மிக மெல்லிய வாயுக்களை அளந்து அனுப்பியது. அத்திட்டத்தின் இயக்குநர் கோவை மாவட்டத்தினராகிய மயில்சாமி அண்ணாதுரை.

சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனின் விடுபடு வேகமும் நொடிக்கு 2.6 கிலோமீட்டரே. ஆனால், அதன் தரையில் காற்றின் அழுத்தம் நிலவுலகினும் ஒன்றரை மடங்கு! ஏனெனில், அங்கு நிலவுவது சுழியத்துக்குக் கீழ் 180 பாகை அளவிலான கடுங்குளிர். மூலக்கூறுகள் ஓடும் வலிமை குன்றிக் கிடக்கின்றன. பிடியின் வலிமை ஒன்றையே நோக்கிக் காற்றின் அளவைக் கூறிவிட முடியாது. செவ்வாயின் நிலையோ வேறு. அதன் ஈர்ப்பும் சிறிது. கோள் முழுதும் சூழ்ந்த காந்தக் கவசமும் இப்போது இல்லை. ஞாயிற்றிலிருந்து வீசும் மின்துகள்கள் அதன் மேற்காற்றை அரித்துச் செல்கின்றன. 2014-இல் செவ்வாயை அடைந்த மங்கள்யான், அம்மேற்காற்றை ஆராயும் கருவிகளையும் உடன்கொண்டு சென்றது.

நிலவுலகு கைவிடும் வாயுக்களுள் ஹீலியமும் ஒன்று. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுக் கதிரவன் மறைப்பின்போது, ஞாயிற்றின் ஒளியில் அதற்குரிய மஞ்சள் கோட்டைக் கண்டோருள், சென்னை வான்நோக்கு நிலையத்தைச் சார்ந்த போக்சனும் ஒருவர். அவர் நோக்கிய இடம் மசூலிப்பட்டினம். யுரேனியமும் தோரியமும் சிதைவதால் நிலத்தடியில் மெல்ல மெல்லத் தோன்றும் இவ்வாயுவை, இயற்கை எரிவாயுவோடு சேர்த்து எடுப்பர். நோயாளியின் உடலுள் நோக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் பெரிதும் பயன்படுகிறது. திருவிழாவில் குழந்தையின் கைந்நழுவிய பலூனிலும் அதே வாயு இருப்பதுண்டு. பலூன் வெடித்ததும் அது பெருங்காற்றில் கலந்துவிடும். அங்கிருந்து அதனைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவான பணி. நெடுங்காலம் காற்றோடு அலைந்து, அது வெறுவெளிக்குள் நீங்கிவிடும்.