பலூனில் ஏறிப் பார்த்த பாறைக்காட்டு வெள்ளாமை

துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது கப்படோக்கியா. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம். குளிர்காலத்தில் பனி கொட்டி நிலம் வெள்ளையாகிவிடும். கோடையில் மழை அபூர்வம். அங்கே பாறைகள் கூம்பு கூம்பாகவும், காளான் போலவும், தலையில் கல் வைத்த தூண் போலவும் நிற்கும். அந்தப் பாறைகளைச் சூரியன் உதிக்கும் நேரத்தில் வெப்பக்காற்று பலூனில் ஏறி மேலிருந்து பார்ப்பதற்காகவே பல நாட்டு மக்கள் வருகிறார்கள். காற்று சாதகமாக உள்ள நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன.

ஓர் அக்டோபர் மாதம் அங்கே போய் வந்தார்கள், கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு விவசாயத் தம்பதி. அவருக்கு வயது 64, மனைவிக்கு 58. இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள்தான் செலவு செய்து அழைத்துப் போனார். பலூனுக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று அப்பா நாலு முறை கேட்டும் மகள் கடைசி வரை சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர் மனதில் பலூன் இல்லை. பந்தலின் கல்தூண்கள் சாய்ந்து, கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. கவாத்துக்கு ஆள் கிடைப்பது வரவரக் கஷ்டமாகிவிட்டது. தோட்டத்தை வீட்டுமனைக்குக் கேட்டு ஒரு தரகர் இரண்டு முறை வந்து போயிருந்தார். ‘ஊர் திரும்பியதும் பதில் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

காற்று விட்டால்தான் பயணம்

கோரெமே என்ற ஊரில் மூன்று நாள்கள் தங்கினார்கள். முதல் இரண்டு நாளும் பலூன் பறக்கவில்லை. இருட்டோடு எழுந்து, கம்பளிச் சட்டை போட்டுக் கிளம்பி நின்றதுதான் மிச்சம். காற்று பலமாக இருப்பதாகச் செய்தி வந்தது.

அங்கே பறப்பதா வேண்டாமா என்பதை பலூன் நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. துருக்கி அரசின் விமானப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்து அனுமதி தரும். பச்சைக் கொடி என்றால் பறக்கலாம். சிவப்பு என்றால் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் கிடையாது. காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களில் சிலர் கோபப்பட்டார்கள். இவருக்குக் கோபம் வரவில்லை. பருவமழைக்காகவும் முறைப்பாசனத் தண்ணீருக்காகவும் காத்திருந்து பழகியவருக்கு இரண்டு நாள் பெரிய கணக்கில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பலூனுக்குத் திசை திருப்பும் சக்கரம் கிடையாது. ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். 2013 மே மாதம் இதே பகுதியில் இரண்டு பலூன்கள் மோதி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கீழே இருந்து ஏறுகிற பலூனின் ஓட்டிக்குத் தன் தலைக்கு மேல் இருப்பது தெரியாது. பலூன் துணியே மறைத்துவிடும். அதனால் மேலே உள்ளவர்தான் கீழே உள்ளவருக்கு வழிவிட வேண்டும் என்பது பலூன் ஓட்டிகளின் அடிப்படை விதி.

சூடான காற்று தூக்கும் கணக்கு

மூன்றாம் நாள் அனுமதி கிடைத்தது. திறந்த வெளியில் பலூன் துணி பாய் விரித்ததுபோலத் தரையில் கிடந்தது. முதலில் பெரிய மின்விசிறியால் குளிர்ந்த காற்றை உள்ளே ஊதினார்கள். பாதி உப்பியதும் அடுப்பைத் திறந்து தீயைக் காட்டினார்கள். புரொபேன் வாயுவில் எரிகிற அடுப்பு அது. ‘உஷ்ஷ்’ என்று ஆள் உயரத்துக்கு மேல் தீ சீறியதும், படுத்திருந்த பலூன் மெல்ல நிமிர்ந்து நின்றது.

எப்படித் தூக்குகிறது என்று மகளிடம் கேட்டார். கணக்கு எளிதுதான். கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதையே 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் விரிந்து, ஒரு கனமீட்டரில் சுமார் 950 கிராம்தான் இருக்கும். வித்தியாசம் கால் கிலோ. பெரிய பலூனில் 10,000 கனமீட்டர் காற்று பிடிக்கும் என்றால், 2,500 கிலோ தூக்கலாம். உயரமான இடத்தில் இது கொஞ்சம் குறையும். அந்த எடைக்குள் துணி, கூடை, வாயு உருளைகள், ஆட்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

கூடை பிரம்பால் பின்னியது. உள்ளே பெட்டி பெட்டியாகத் தடுத்து, நடுவில் ஓட்டி நிற்க இடம் விட்டிருந்தார்கள். ஏறியதும் முதலில் சொல்லிக்கொடுத்தது இறங்கும் விதத்தைத்தான். முழங்காலை மடக்கி, முதுகைக் கூடைச் சுவரில் சாய்த்து, உள்ளே உள்ள கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மனைவிக்கு அப்போதே முகம் வெளிறிவிட்டது. “என்னங்க, நான் கீழயே நிக்கிறேனே” என்றார். “முளைப்பாரி தூக்கி நாலு தெரு நடந்தவ நீ. இது நம்மளத் தூக்குது. பேசாம நில்லு” என்றார் அவர்.

தரை விட்டதே தெரியவில்லை. குலுக்கல் இல்லை, இரைச்சல் இல்லை. காற்றோடு சேர்ந்தே போவதால் முகத்தில் காற்றுகூட அடிக்கவில்லை. கீழே ஒரு நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. ஓட்டி அடிக்கடி பலூனை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். வேறு வேறு உயரத்தில் காற்று வேறு வேறு திசையில் அடிக்கும். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தக் காற்று வீசும் உயரத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய வித்தை.

எரிமலை கொட்டிய சாம்பல்

கிழக்கே 3,917 மீட்டர் உயர எர்ஜியஸ் மலை. அது பழைய எரிமலை. தென்மேற்கே ஹசான் மலை, அதுவும் எரிமலைதான். இந்தப் பக்கத்து எரிமலைகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கக்கிய சாம்பல் படிந்து இறுகி, மென்மையான பாறையாக ஆனது. மழையும் பனியும் காற்றும் அதை அரித்தன. மேலே கடினமான கல் மூடியிருந்த இடம் மட்டும் கரையாமல் தூணாக நின்றுவிட்டது. துருக்கியர்கள் இதைத் ‘தேவதைப் புகைபோக்கி’ என்கிறார்கள். உளியால் குடைந்தால் குடைபடும் பாறை என்பதால் மக்கள் அதற்குள்ளேயே வீடும் தேவாலயமும் தொழுவமும் அமைத்தார்கள். தெரின்குயு என்ற ஊரில் தரைக்கடியில் சுமார் 85 மீட்டர் ஆழம் வரை ஒரு நகரமே குடைந்திருக்கிறார்கள். கால்நடைகளை எளிதாக ஓட்டிச் செல்ல, தொழுவத்தை மேல் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். கோரெமேயையும் சுற்றியுள்ள பாறைத் தலங்களையும் 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சூரியன் எட்டிப் பார்த்ததும் பாறைகள் சாம்பல் நிறத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறின. கூடையில் இருந்த எல்லோரும் கைபேசியை நீட்டினார்கள். இவர் மட்டும் பாறைகளுக்கு இடையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மாடி, அங்க பாரு, திராட்சை!” என்றார் மகளிடம்.

பள்ளத்தாக்கின் அடியில், பாறைச் சந்துகளில், கையகலத் துண்டு நிலங்களில் கொடிகள் இருந்தன. பந்தல் இல்லை, கம்பி இல்லை, சொட்டுநீர்க் குழாயும் இல்லை. ஒவ்வொரு கொடியும் இடைவெளி விட்டுக் குத்துச்செடியாகத் தரையோடு படர்ந்திருந்தது. “தண்ணி பாய்ச்சாமயா இது காய்க்குது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேல்மண் மணலாக இருக்கும். அடியில் உள்ள சாம்பல் பாறை பஞ்சு போல நுண்துளை கொண்டது. குளிர்காலப் பனி உருகும் நீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வேர் கீழே போய் அந்த ஈரத்தைக் குடிக்கும். எமிர் என்ற வெள்ளைத் திராட்சை இந்த மண்ணுக்கே உரிய ரகம்.

புறாவுக்குக் குடைந்த வீடு

உச்சிசார் ஊருக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் பலூன் தாழ்ந்து போனது. செங்குத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். சுற்றிலும் வெள்ளை பூசி, சிவப்புக் காவியில் கோலம் போல வரைந்திருந்தது. மற்றவர்கள் சன்னல் என்று நினைத்தார்கள். அவை புறாக்கூண்டுகள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே புறாப் பள்ளத்தாக்குதான்.

கப்படோக்கியா விவசாயிகள் புறா வளர்த்தது முதன்மையாக எருவுக்காக. பாறையில் அறை குடைந்து, உள்ளே மாடங்களும் உட்காரக் குச்சிகளும் வைத்து, புறா நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். புறா வெளியே மேய்ந்துவிட்டு வந்து உள்ளே எச்சமிடும். ஆண்டுக்கு ஒருமுறை அடைத்த கதவைத் திறந்து எச்சத்தை வாரித் திராட்சைக்கும் பழமரங்களுக்கும் போடுவார்கள். சத்துக் குறைந்த எரிமலை மணலில் வெள்ளாமை நடந்தது இந்த எருவால்தான். இன்று காணப்படும் கூண்டுகளில் பெரும்பாலானவை 18, 19-ம் நூற்றாண்டுகளில் செய்தவை. வழிபாடு நின்றுபோன பாறைத் தேவாலயங்களைக்கூடப் புறாக்கூண்டாக மாற்றியிருக்கிறார்கள்.

ரசாயன உரம் வந்த பிறகு இந்தப் பழக்கம் தேய்ந்தது. இப்போது பெரும்பாலான கூண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. முகப்பு உதிர்ந்து, உள்ளறை திறந்து தெரிகிறது. அதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். “எரு எடுத்த வரைக்கும் இதைப் பூசி மெழுகி வெச்சிருந்திருப்பாங்க. வெள்ளாமை போனதும் இது வேடிக்கைப் பொருளாயிருச்சு” என்றார் அவர். அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இறங்கிய வயல்

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பலூனின் உச்சியில் உள்ள மூடியைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றி இறக்கினார்கள். பயிர் நிற்கும் வயலைத் தவிர்த்துத் தரிசையோ அறுவடை முடிந்த நிலத்தையோ தேடி இறக்குவது பலூன் ஓட்டிகளின் வழக்கம். பின்தொடர்ந்து வந்த வண்டியின் இழுவைப் பெட்டி மேலேயே கூடையை உட்காரவைத்தார்கள். மனைவி கயிற்றை விடவே இல்லை. நின்ற பிறகு சிரித்துவிட்டார்.

பலூனுக்கும் விவசாயிக்கும் உள்ள உறவு பழையது. 1783 ஆகஸ்ட் 27-ல் பாரீசிலிருந்து விட்ட, ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. ஏதோ பூதம் என்று பயந்த ஊர்க்காரர்கள் வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள். அடுத்த மாதம் மோன்கோல்பியே சகோதரர்கள் விட்ட வெப்பக்காற்று பலூனில் முதலில் பறந்தவை ஒரு செம்மறியாடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூன்றும் பத்திரமாக இறங்கின. நவம்பர் 21-ல்தான் மனிதர்கள் கட்டற்றுப் பறந்தார்கள்.

இறங்கிய நிலத்துக்குப் பக்கத்து வயலில் நூற்றுக்கணக்கான பூசணிகள் பிளந்து கிடந்தன. மனைவிக்கு மனம் பொறுக்கவில்லை. “இம்புட்டுப் பூசணியையும் வீணாக்கிட்டாங்களே!” என்றார். வீணாக்கவில்லை. நெவ்ஷெஹிர் மாவட்டத்தில் பூசணியைச் சாகுபடி செய்வது விதைக்காக. வயலிலேயே பிளந்து விதையை எடுத்துக் காயவைத்து, கொறிக்கும் பண்டமாக விற்கிறார்கள். சதை மாட்டுக்குத் தீவனம் அல்லது அதே வயலுக்கு உரம்.

அன்று பிற்பகல் ஓர்தாஹிசார் ஊருக்குப் போனார்கள். அங்கே பாறைக்குள் குடைந்த கிடங்குகளில், தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் எலுமிச்சையைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் வைத்திருந்து கோடையில் விற்கிறார்கள். உருளைக்கிழங்கும் வைப்பதுண்டு. வெளியே வெயிலோ பனியோ, உள்ளே குளிர்ச்சி ஒரே அளவில் இருப்பதால் குளிர்பதன இயந்திரம் இல்லாமலே தாங்குகிறது. பெக்மெஸ் என்ற திராட்சைப் பாகையும் வாங்கினார்கள். சாற்றில் சுண்ணாம்புச் சத்துள்ள ஒருவகை வெள்ளை மண்ணைக் கலந்து கொதிக்கவைத்தால் புளிப்பு முறிந்து கசடு அடியில் தங்கும். தெளிவை வடித்துப் பாகாகக் காய்ச்சுகிறார்கள். நம் கருப்பட்டிப் பதநீருக்குச் சுண்ணாம்பு சேர்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கொண்டுவந்தது என்ன?

அந்த ஊர் முறையை அப்படியே கம்பத்தில் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். அங்கே கொடி பனிக்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே கொடியைத் தரையில் விட்டால் மழையில் பூஞ்சாணம் பிடிக்கும். பந்தலும் பாசனமும் வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான்.

அவர் கொண்டுவந்தது வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் பாறையாக இருக்கிற இடத்தில், புறா எச்சத்தைச் சுமந்து போட்டுக் கையகல நிலத்தையும் விடாமல் வைத்திருந்தவர்களின் தடத்தை மேலிருந்து பார்த்தார். ஆள் விட்டுப்போன கூண்டுகள் எப்படி உதிர்கின்றன என்பதையும் பார்த்தார்.

ஊர் வந்த மறுவாரம் தரகர் வந்தார். முன்பக்கம் சாலையோரத்து முக்கால் ஏக்கரில் பந்தல் தேறாது. அதை என்ன செய்வதென்று இன்னும் முடிவில்லை. மகனிடமும் கேட்க வேண்டும். பின்பக்கம் கிணற்றை ஒட்டிய ஒன்றேகால் ஏக்கருக்கு மட்டும் பதில் சொன்னார். “அது விலைக்கு இல்லைங்க. தைக்குள்ள தூணை நிமித்தி, கவாத்துப் பண்ணப் போறேன்.”