22 மில்லிமீட்டர்

அப்பாவின் பழைய கணினிக்குள் இன்னொரு ஹார்ட்டிஸ்க் பொருத்தப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். “டிஸ்க்க மட்டும் கழட்டி காப்பி எடுத்துக்கிட்டு, பெட்டிய பழைய இரும்புக்குப் போடு லா.”

நியாயமான யோசனைதான். ஆனால் அப்பா தட்டச்சு செய்தது யூனிகோடுக்கு முந்தைய தமிழ். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். மாற்றித் தர நிரல்கள் உண்டு, பிறகு செய்துகொள்ளலாம். முதலில் அவர் பார்த்த திரையிலேயே நான் பார்க்க வேண்டும்.

1995இல் வாங்கிய 486. 420 எம்பி டிஸ்க். கடைசியாகப் போட்டபோது முனகிவிட்டுத்தான் சுழன்றது. பழைய டிஸ்க்குகளில் படிக்கும் தலை தட்டோடு ஒட்டிக்கொள்வதுண்டு. ஒட்டிவிட்டால் மோட்டார் திணறும். இன்னும் எத்தனை முறை எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாம் முடுக்கி முடித்த பிறகு ஒரே ஒரு தடவை சுவிட்ச் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

புதிதாகப் போவது 1.2 ஜிபி. இந்த பயாஸ் 504 எம்பிக்கு மேல் பார்க்காது. 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம். அப்பாவுக்கு அதுவே தாராளம்.

சிக்கல் இடத்தில். மூன்றரை அங்குலக் கூட்டில் பழைய டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. காலியாக இருப்பது சிடி டிரைவுக்குக் கீழே உள்ள ஐந்தேகால் அங்குலக் கூடு. டிஸ்க்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர், கூட்டுக்கு வேண்டியது 146. பக்கத்துக்கு 22 மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. இதற்கென்றே விற்ற தகடுகளை லோ யாட்டில் கேட்டேன். கடைப்பையன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவன் அந்தத் தகட்டைவிட இளையவன். சும்மா அட்டை விரித்துப் படுக்க வைக்கலாம்தான். டிஸ்க்கின் அடியில் சர்க்யூட் போர்டு திறந்து கிடக்கும், பெட்டியோ முழுக்க இரும்பு. ஒரு நகர்வு போதும்.

தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்த மாமாவிடம் போனேன். அவர் கணினியைத் தொட்டதே இல்லை. அளவை மட்டும் கேட்டார்.

“முக்கால் இஞ்சி அலுமினியக் குழாய், சதுரமா இருக்கும். அது பத்தொன்பது. மிச்சத்துக்கு வாஷர் போட்டுக்க.”

ஹார்ட்வேர் கடையில் ஒரு முழம் போல வாங்கி இரண்டாக அறுத்தோம். சிடி டிரைவின் பக்கவாட்டில் காகிதம் வைத்துத் தேய்த்துத் துளைகளின் இடத்தை எடுத்தோம். திருகில்தான் நேரம் போனது. ஹார்ட்டிஸ்க்கின் மரை 6-32, அங்குலக் கணக்கு. சிடி டிரைவுக்கு எம்3, மில்லிமீட்டர் கணக்கு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றை மற்றதில் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். குழாயின் உள்சுவரில் திருகு நுழையும் துளை, அதற்கு நேர் எதிரே வெளிச்சுவரில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் பெரிய துளை. கூட்டின் பக்கம் எம்3 நட்டைக் குழாய்க்குள் நிறுத்த வேண்டும், விரல் போகாது. மாமா கொஞ்சம் புளூ டாக்கை ஐஸ்கிரீம் குச்சி நுனியில் ஒட்டி, அதில் நட்டைப் பதித்து உள்ளே விட்டார்.

“ஆலையில கிரீஸ் வச்சி செய்வோம். இது சுத்தமா இருக்கு.”

சுவிட்ச் போட்டபோது பழைய டிஸ்க் மூன்று முறை முனகியது. நாலாவது முனகலுக்கு நான் மூச்சே விடவில்லை. பிறகு சுழன்றது. நகலெடுத்து முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

அப்பா அடித்து வைத்திருந்தது தோட்டத்தின் கணக்கு. நிலம் கைமாறி லயங்களை இடிப்பதற்கு முன், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளைகள், எங்கே போனார்கள் என்று வீடு வீடாக. அந்தத் தோட்டத்தில் இப்போது லயமும் இல்லை, கோயிலும் இல்லை.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்தார். மூன்றாம் லயம் வரை பேசவே இல்லை.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. கடைசி வீட்டுல ரெண்டு பொண்ணுன்னு போட்டிருக்கு பாரு. மூணு. சின்னது நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிருச்சு. மச்சான் அப்ப டவுன்ல இருந்தாரு, தெரிஞ்சிருக்காது. நீ சேத்து அடி.”