நட்சத்திர வெளிச்சத்தில் நிறம்

இரவை வரையக் கறுப்பு டப்பாவைத் திறக்காதே என்பார் வாத்தியார். நீலத்தில் பிரவுனைக் குழை, ஓரத்தில் கொஞ்சம் பச்சை விடு. வெறும் கறுப்பு அடித்தால் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரிதான் தெரியும். பெங்களூரு காந்திநகர் தியேட்டர் வாசல்களில், சினிமா பேனரில் ராஜ்குமாரையும் விஷ்ணுவர்தனையும் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரமாக நிறுத்திய கை அது.

ஃபிளெக்ஸ் வந்தபின் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனது. 2009-இல் பெங்களூரு மாநகராட்சி, போஸ்டர் ஒட்டிப் பாழான சுவர்களில் படம் வரைய பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டது. ஸ்ரீராமபுரத்திலிருந்து வாத்தியாரோடு நானும் போனேன். ஹம்பிக் கல்தேர், ஜோக் அருவி, யட்சகானம், புலி. நான் கட்டம் போட்டுக் கொடுப்பேன். முகம் அவர் எழுதுவார். எங்களுக்கு வந்த சுவர் அத்தனையும் வெயில் காட்சிதான். ராத்திரி எழுத அவருக்கு ஒரு சுவர்கூட வாய்க்கவில்லை.

ஜெயநகர்ப் பக்கம் பூங்காச் சுவர் ஒன்று எனக்குக் கிடைத்தபோது அவர் இல்லை. இரவில் மகரந்தம் சுமக்கும் உயிர்களை வரையவேண்டும் என்றார்கள். சுவருக்குப் பின்னால் மரமல்லி வரிசை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது பூக்கும். இருட்டும் நேரத்தில் விரிந்து, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலை நடைக்கு வருகிறவர்கள் மிதிப்பது முடிந்துபோன வேலையை. விரல் நீளக் குழல், அடியில் தேன். அதை எட்டும் நாக்கு பருந்து அந்துப்பூச்சிக்கு இருக்கிறது. பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். அந்தச் சிறகைக் கோடு போட்டு அடைக்க மனம் வரவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் இழுத்து விட்டேன்.

லால்பாக் தாவரவியல் பூங்காவை 1908 முதல் 1932 வரை கவனித்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி இந்த ஊர்த் தெருக்களுக்கு மரம் தேர்ந்தார். இன்றும் பெங்களூர் மார்ச்சில் ஒரு நிறம், மேயில் ஒரு நிறம் என்று மாறுவதில் அவர் பங்கு பெரிது. அவர் கணக்குப் போட்டது மனிதக் கண்ணுக்கு. ராத்திரிக் கண்களுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

அந்தக் கண்களைப் பற்றி எனக்குச் சொன்னது ஒரு தேனீயின் கதை. தரங்கம்பாடியின் பேரைத் தாங்கிய தச்சுத்தேனீ அது. சைலோகோபா டிராங்குபாரிக்கா என்று 1804-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பேர் வைத்தார். மரத்தைக் குடைந்து கூடு கட்டும் இந்த இனம், நிலவே இல்லாத இரவிலும் பறக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதனும், இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ரெனீ போர்ஜஸும், ஸ்வீடன் ஆய்வாளர்களும் அதைத் தொடர்ந்தார்கள். கூட்டருகே வைத்த அடையாளத்தின் நிறத்தை நட்சத்திர வெளிச்சத்திலேயே அது கற்றுக்கொள்கிறது என்று 2008-இல் வெளியிட்டார்கள். அதே வெளிச்சத்தில் நமக்குத் தெரிவது வெறும் சாம்பல். வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இருட்டிலும் நிறம் உண்டு என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

சுவரில் வௌவாலை வரையப் போனபோதுதான் சண்டை. கேரளத்தில் 2018-இல் நிபா வந்ததிலிருந்தே அந்தப் பேரைக் கேட்டால் பயம். வீட்டெதிரே அபசகுனம் வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் வந்து நின்றார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் இலவமரத்தில் செய்த ஆய்வைச் சொன்னேன். பழந்தின்னி வௌவால்கள் இரவில் அதன் பூவில் தேன் குடித்து, உடம்பில் மகரந்தத்தைச் சுமந்துபோவதை 2004-இல் பதிவுசெய்தார்கள். லால்பாகில் நீங்கள் பேரப்பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும் அந்தப் பெரிய இலவமும் ராத்திரியில்தான் பூ விரிக்கிறது என்றேன். நம் வனவிலங்குச் சட்டமே பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் போனது. சட்டத்துக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்க, பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலவம்பூவில் முகம் புதைத்த வௌவாலை எழுதினேன். நெற்றி ரோமத்தில் மகரந்த மஞ்சள் வைத்த அன்று, மறுத்தவர்களில் ஒரு அம்மா காபி கொண்டுவந்தார்.

வேலை முடிந்ததும் ஃபோகஸ் லைட் பேச்சு வந்தது. இவ்வளவு அழகான படம் ராத்திரி தெரியவேண்டாமா என்றார்கள், ஆசையோடுதான். சுவிட்சர்லாந்தில் இருண்ட புல்வெளிகளில் தெருவிளக்கு நட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது: வெளிச்சம் பட்ட இடத்தில் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. பகல் பூச்சிகள் வந்துபோயும் அந்தக் குறை தீரவில்லை. ஒரு செடி வகையில் காய்ப்பு 13 சதவீதம் சரிந்தது. ஃபோகஸ் லைட் போட்டால், சுவரில் இருக்கும் அந்துப்பூச்சி தெரியும். மரத்துக்கு வரவேண்டிய அந்துப்பூச்சி வராது. இதைச் சொன்னேன். நல்லவேளை, ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சுவருக்கு இன்றுவரை விளக்கு இல்லை.

உங்கள் தெருவிலும் மரமல்லியோ பவழமல்லியோ இலவமோ இருக்கும். அது பூக்கும் மாதங்களிலாவது காம்பவுண்டு விளக்கை இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத இடத்தில் மூடிபோட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மரத்தின்மேல் வெளிச்சம் அடிக்காதீர்கள்.